கட்டமும் பூவும்

நம் தமிழ்ப்பள்ளிகளின் மாறுவேடப் போட்டிகளில் தவறாமல் தோன்றும் வேடம் ஒன்று உண்டு. பூப்போட்ட பாத்திக் கைலி, அதன்மேல் கோடுபோட்ட முழுக்கைச் சட்டை, தலையில் கட்டம்போட்ட துண்டு, கையில் வாளி. பால்மரம் வெட்டும் பெண்ணாம்! பிள்ளை மேடையேறியதும் அவையில் சிரிப்பு எழுகின்றது. எங்கள் சிலிம் ரிவர் வட்டாரத்தில் இதனைப் பலமுறை கண்டிருக்கின்றேன். சிரிப்பவருள் பாதிப் பேரின் பாட்டிமார் அவ்வாறு உடுத்தியவர்களே. பூவோடு கட்டமும் கட்டத்தோடு கோடும் சேர்வது சுவையறியாமை என்னும் எண்ணமே அச்சிரிப்புக்குக் காரணம். அவ்வெண்ணம் சரிதானா?

முழுக்கைச் சட்டை கொசுக்கடிக்காக. பெரும்பாலும் அது கணவனின் பழைய சட்டை. துண்டு தலைமுடியைக் காத்தது. கைலியின் செறிந்த பூவேலையில் பால்கறை எளிதில் தெரியாது. தேவை சேர்த்துவைத்த உடை என்பதில் ஐயமில்லை. ஆனால், தேவையிலிருந்து பிறந்ததெல்லாம் அழகற்றது ஆகிவிடுமா? 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் நிலவியபோது, ஜாவா மக்கள் ஒரே பாத்திக் துணியின் இரு பாதிகளில் இரு வேறு கோலங்களை எழுதினர். காலையில் ஒரு பாதி வெளியே தெரியும், மாலையில் மறுபாதி. 'பாகி சோரே' எனப்படும் அத்துணியை இன்று அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கின்றன.

அன்றியும், கலப்பு நம் தறிக்குப் புதிதன்று. காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் தனித்தனி நாடாக்களால் ஓடி, 'கோர்வை'யில் பிணைகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியில் கட்டங்களை ஓர் அகன்ற கரை தாங்கி நிற்கின்றது. கைலியை நோக்குங்கள்: உடல் முழுதும் பூங்கொடி, ஓரிடத்தில் மட்டும் முக்கோண வரிசைகள். அப்பகுதியை மலாய்க்காரர் 'கெப்பாலா', அதாவது தலை, என்கின்றனர். நாமும் முந்தானையைத் 'தலைப்பு' என்றுதானே சொல்கின்றோம்! பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை அமைத்த டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரைத் துணிகளைக் கீழைத் தீவுகளுக்குக் கொண்டுபோய் வாசனைப் பொருள்களுக்கு மாற்றினர். மலாய் ஆடவர் உடுத்தும் கட்டம்போட்ட 'காயின் பெலிக்காட்' அவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. கட்டமும் பாத்திக்கும் தோட்டத்து லயத்தில் ஒரே கொடிக்கயிற்றில் காய்ந்ததில் வியப்பென்ன?

கலப்பெல்லாம் அழகு என்று வாதிட நான் வரவில்லை. பெரிய பூவின்மேல் பெரிய பூ வந்தால் இரண்டும் சண்டையிடும். கண் எங்கும் தங்காது. பெரிய பூவுக்கு அருகே சிறு கட்டம் வரலாம். அதிலும் இரண்டுக்கும் பொதுவான நிறம் ஒன்று ஓடவேண்டும். என் தாயார் கடைத்தெருவுக்குப் போட்டுச்செல்லும் சட்டைக்குத் துணி எடுக்கும்போது, கைலியிலுள்ள செம்மண் நிறம் அதன் கோட்டிலோ கட்டத்திலோ இருக்கின்றதா என்று விரித்துப் பார்த்தே வாங்குவார். அவருக்குக் கலைநூல் எதுவும் தெரியாது.

இன்று சேலையோடு ரவிக்கைத் துணியும் சேர்ந்தே வருகின்றது. 'மேட்சிங்' என்று அதற்குப் பெயர். வசதிதான், ஆனால், தேர்ந்தெடுக்கும் வேலை உடுத்துபவரிடமிருந்து கடைக்குப் போய்விட்டது. அச்சடித்த மூன்று கோலங்களை ஒரே பஞ்சாபி உடையில் கடைக்காரர் கலந்து விற்றால் அது நாகரிகம். பாட்டி தாமே கலந்தால் கோமாளித்தனம்!

அவ்வேடத்தை நிறுத்த வேண்டும் என்று நான் கூறவில்லை. கித்தாக்காடுகள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்ட இக்காலத்தில் அதனைக் காட்டவே வேண்டும். ஆனால், தலைப்பு எது, உடல் எது என்று பாராமல் கைலியைச் சுற்றி, அளவில்லாச் சட்டையை மாட்டி, முகத்தில் கரியும் பூசியன்றோ பிள்ளையை அனுப்புகின்றோம்? போட்டிக்கு முதல்நாள், அவ்வேலை செய்த பாட்டி ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து உடுத்திவிடச் சொல்லலாம். எந்தக் கட்டம் எந்தப் பூவோடு சேரும் என்று அவர் சொல்வார்.