மரைக்கார் என்றொரு குரல்

ஈழத்து முஸ்லிம்களின் பேச்சுத்தமிழ் சிறுகதையிலும் நாவலிலும் கையாளப்பட்ட விதம் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அதே பேச்சு வானொலியில் ஒலித்த விதம் பற்றி எழுதியது சொற்பம். அந்த வகையில் எஸ். ராமதாஸ் தனித்து நோக்கப்பட வேண்டியவர்.

மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி என நான்கு துறைகளிலும் இயங்கிய ராமதாஸ் 2016 இல் சென்னையில் காலமானார். கடைசிவரை அவரது பெயரோடு ஒட்டியிருந்தது 'மரைக்கார்' என்ற பாத்திரப் பெயர். முஸ்லிம் அல்லாத ஒரு கலைஞருக்கு ரசிகர்கள் கொடுத்த பட்டம் அது.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் எழுபதுகளில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகமே இதற்குக் காரணம். மரைக்காராக ராமதாஸ், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீட். 1976 இல் இதுவே 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. கதையும் ராமதாஸுடையதே.

தமிழகத் திரைப்படங்களில் முஸ்லிம் பாத்திரம் என்றால் உருது கலந்த உடைந்த தமிழ் என்பது நெடுங்காலமாக எழுதப்படாத விதி. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நமக்கு அது அந்நியமான கேலி. மரைக்காரின் பேச்சும் சிரிப்பூட்டவே வந்தது. ஆயினும் அது கேலியாகவில்லை. நால்வருமே தத்தமது வழக்கில் பேசுகிறார்கள்; நடுவில் நின்று 'சுத்தத் தமிழ்' பேசி மற்றவரைப் பார்த்துச் சிரிப்பவர் எவரும் இல்லை. முஸ்லிம் ஐயராகவும், முஸ்லிம் அல்லாதவர் மரைக்காராகவும் மாறிநின்றதில் எவருடைய பேச்சும் இழிவானதல்ல என்ற உடன்பாடு இருக்கிறது.

திரையில் தொப்பியும் சாரமும் ஒருவரை முஸ்லிமாக்கிவிடும். வானொலியில் அந்த வசதி கிடையாது. 'இருக்கிறது' என்பது 'ஈக்கி' எனக் குறுகுமிடத்தில் குரல் எங்கே விழவேண்டும் என்பதைக் காது பழகியவரே அறிவார். ராமதாஸ் அதை அறிந்திருந்தார். சொல்லைத் திரிப்பதோடு நின்றுவிடாமல் இழுப்பையும் ஏற்ற இறக்கத்தையும் பிடித்தார். 1982 இல் ரூபவாஹினி வந்தபின் தொலைக்காட்சி நாடகங்களிலும் நடித்தார். எனினும் எனது மதிப்பீட்டில் அவரது உச்சம் வானொலிதான்.

மாத்தளை மாவட்டத்தில் வாழும் எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன. முதலாவது, ஒற்றை மரைக்கார் நம் அனைவருக்குமான குரலாகிவிட்டது. உக்குவளைப் பேச்சு வேறு. காத்தான்குடிப் பேச்சு வேறு. மன்னாரின் பேச்சு இன்னும் வேறு. இரண்டாவது, அந்த நால்வரில் தோட்டத் தொழிலாளிக்கு இடமில்லை. எல்கடுவத் தோட்டத்திலிருந்து இறங்கி மாத்தளைக் கடைத்தெருவில் நம்மவரோடு பேரம்பேசும் மலையகத் தமிழரின் பேச்சு அந்தச் சிரிப்புக்குள் வரவேயில்லை. இந்த நாட்டின் பேச்சு வகைகளை ஒரே மேசையில் அமர்த்திய நாடகத்தில் இது சிறிய விடுபடலல்ல.

குறைகளைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக அல்ல. மரைக்காரைக் கேட்டுச் சிரித்தவர்கள் நமது வீடுகளிலும் இருந்தார்கள். அந்தத் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. ஒலிப்பதிவுகள் எவரிடமாவது இருப்பின் அவற்றைத் தேடியெடுத்து, அச்சிட்ட பிரதியை வாசிக்கும் அதே கவனத்தோடு கேட்டு எழுதுவது நமது விமர்சகர்களின் கடமையாகும்.