குரலும் மண்ணும்: ஒரு கானாப் பயிற்சியை முன்வைத்து

வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கரைச் சுவரில் உட்கார்ந்து எங்கள் தெருத் தம்பி ஒருவன் இரண்டு மாதமாகக் கானா பழகுகிறான். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாட்டுகளை செல்போனில் கேட்டுக் கேட்டு, அந்தக் கரகரப்பு வரவேண்டுமென்று தொண்டையை இறுக்குவான். நாலாவது பாட்டில் குரல் கம்மிவிடும். "இது மெட்ராஸ் குரல்டா, ஒனக்கு எதுக்கு? நம்ம மண்ணோட குரல்ல பாடு" என்றேன். "எதுண்ணே நம்ம மண்ணு குரல்?" என்றான். டி.எம்.எஸ். என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதிலில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்தது.

மதுரையில் 1922இல் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் வீட்டுமொழி சௌராஷ்டிரம். 1950இல் வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் முதன்முதலாகப் பாடியபோது ஒலித்தது எம்.கே. தியாகராஜ பாகவதரின் சாயல். 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், பிறகு நடிகருக்கொரு குரலாகப் பாடுவதே அவர் பெருமையாயிற்று. ஆக, தமிழ் உச்சரிப்புக்கு நாம் உதாரணம் காட்டுகிற குரல், வேற்றுமொழி வீட்டில் பிறந்து, போலச்செய்து பயின்று, பிறர் உதடுகளுக்காகப் பிரிந்த குரல். 'மண்ணின் குரல்' என்பது பிறவிக்குணம் அல்ல, ஒரு கட்டமைப்பு. அதைச் சொல்லியே ஒருவனை அவன் இடத்தில் நிறுத்திவைக்கவும் முடியும். நான் செய்தது அதைத்தான்.

அப்படியானால் போலச்செய்வதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறிடத்தில். பாகவதர் நாடக மேடையில் உருவானவர். கடைசி வரிசைக்கும் பாட்டு போய்ச்சேர வேண்டிய காலத்தின் குரல் அது. வடசென்னையின் மரண கானாவோ தெருப்பந்தலில், தாளத்துக்கும் கூட்டத்துக்கும் மேலே, இரவெல்லாம் கேட்கவேண்டியது. விடியும்வரை பாடுகிறவன் தொண்டையை இறுக்கினால் தாங்காது. வயிற்றிலிருந்து எழும் மூச்சு, பேச்சுக்கு நெருக்கமான சின்னச் சின்ன வரிகள், கூட இருப்பவர்கள் வாங்கிப் பாடும்போது கிடைக்கிற இடைவெளி: இவைதாம் நுட்பம். கரகரப்பு அவற்றின் விளைவு. தம்பி விளைவைப் பிடித்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டான்.

ரொலான் பார்த் 1972இல் எழுதிய கட்டுரையொன்றில், பாடும் குரலில் தட்டுப்படும் உடலையே குரலின் சொரசொரப்பு என்கிறார். அந்த உடல் எங்கே நின்று யாருக்குக் கேட்கவேண்டியிருந்தது என்பதும் அதில் படிந்திருக்கிறது என்று சேர்த்துச் சொல்லலாம். இந்தக் குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியபோது, இழவு வீட்டோடு நிறுத்தப்பட்டிருந்த குரல் சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. குழுவின் பெயரே அயோத்திதாசரின் 'சாதியில்லாத் தமிழர்' என்ற சொல்லாடலிலிருந்து வந்தது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கரகரப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது மிமிக்ரி.

போன வாரம் தம்பியிடம் சொன்னேன்: "செல்போனை அணைச்சுட்டு, அந்த மைய மண்டபத்துல இருக்கிறவனுக்குக் கேக்குற மாதிரி பாடு. கத்தாம பாடு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க யாருண்ணே இருக்கா?" என்றான்.

அதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும், விமர்சகன் அல்ல.