2.0 (திரைப்படம்): நிறைகளும் குறைகளும்

'2.0' ஷங்கர் இயக்கத்தில் 2018 நவம்பர் 29 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சி. ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும் சிட்டி ரோபோவாகவும், அக்‌ஷய் குமார் பறவையியலாளர் பட்சிராஜனாகவும், எமி ஜாக்சன் நிலா என்னும் ரோபோவாகவும் நடித்தனர். லைகா நிறுவனம் தயாரித்த இப்படத்துக்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார்.

கதைக்களம்

சென்னையில் மக்களின் கைபேசிகள் திடீரெனப் பறந்து மறைகின்றன. அவை ஒன்றுசேர்ந்து பெரும் பறவையாக உருக்கொண்டு மனிதர்களைக் கொல்கின்றன. கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் அழிவதை எதிர்த்துப் போராடித் தோற்று, கோபுரத்திலேயே தூக்கிட்டு இறந்த பட்சிராஜனின் ஆற்றலே இதன் காரணம். அதை எதிர்க்க, கலைக்கப்பட்ட சிட்டி மீண்டும் உருவாக்கப்படுகிறது.

நிறைகள்

படம் முப்பரிமாணக் கேமராக்களிலேயே எடுக்கப்பட்டது, பின்னர் மாற்றப்பட்டதல்ல. அதனால் காட்சியின் ஆழம் கதையோடு இயைகிறது. சாலை முழுவதும் கைபேசிகள் ஒளிர்ந்தபடி ஊர்ந்து வரும் காட்சி, அன்றாடப் பொருள் ஒன்றை அச்சம் தருவதாக மாற்றுகிறது. ரசூல் பூக்குட்டியின் ஒலி வடிவமைப்பு இதற்குத் துணைநிற்கிறது. பட்சிராஜனின் முன்கதை படத்தின் உயிர்நாடி. நீதிமன்றம், அலுவலகம், வீதி என எங்கும் கேட்கப்படாத முதியவரின் தோல்வியை அக்‌ஷய் குமார் அடங்கிய நடிப்பால் நம்பவைக்கிறார்.

குறைகள்

'எந்திரன்' சிட்டிக்கு ஒரு மனப்போராட்டம் இருந்தது. உணர்ச்சி பெற்ற இயந்திரம் காதலித்தது, பொறாமைப்பட்டது, தன்னைப் படைத்தவனையே எதிர்த்தது. '2.0' சிட்டிக்கு அத்தகைய சிக்கல் எதுவும் இல்லை; அது போர்க்கருவி மட்டுமே. நிலா கதாபாத்திரம் தகவல் சொல்வதற்கு மேல் வளரவில்லை. சனா தொலைபேசிக் குரலாகச் சுருங்கிவிட்டாள்.

அறிவியல் அடிப்படையும் பலவீனமானது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவிகள் பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் ஏறத்தாழ நிலையாக இருப்பதாகக் கூறியது. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் பேரளவில் அழிந்ததற்குக் காரணம் கோபுரம் அல்ல, கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து. அதன் கால்நடைப் பயன்பாடு 2006இல் தடை செய்யப்பட்டது.

மதிப்பீடு

படம் தொடும் கேள்வி உண்மையானது: வசதிக்கான விலையை யார் கொடுப்பது? கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியம் அக்கேள்வியைப் பல பத்தாண்டுகளாக அறியும். அங்கே 1956இல் தொடங்கப்பட்ட நிறுவனம் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி மின்சாரம் தருகிறது. அதற்காகக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. சுரங்கத்தில் நீர் புகாதிருக்க நிலத்தடி நீர் தொடர்ந்து இறைக்கப்படுகிறது. ஆனால் அந்த மின்சாரத்தில்தான் வீடுகளில் விளக்கு எரிகிறது, கைபேசியும் சார்ஜ் ஆகிறது. இதில் வில்லன் என்று ஒருவரைச் சுட்டி, அடித்து வீழ்த்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

'2.0' அந்த எளிய வழியையே தேர்ந்தெடுக்கிறது. நியாயமான கோரிக்கையுடன் வந்தவரை அரக்கனாக்கி, விளையாட்டரங்கச் சண்டையில் தோற்கடிக்கிறது. அதிலும், புறாக்களைப் பணயமாக வைத்து மிரட்டித்தான் நுண்ரோபோக்கள் பட்சிராஜனைப் பணியவைக்கின்றன. பறவைகளுக்காகப் பேசத் தொடங்கிய படம், பறவைகளையே ஆயுதமாக்கி வெற்றியைக் கொண்டாடுகிறது. இந்த முரணை அது கவனிப்பதே இல்லை. பட்சிராஜன் சொன்னதிலும் உண்மை இருந்தது என்று முடிவில் வசீகரன் கூறுவது அதை ஈடுசெய்யவில்லை.

தொழில்நுட்பத்தில் '2.0' முந்தைய பாகத்தைத் தாண்டியது. தன் வில்லனுக்குப் பதில் சொல்லும் துணிவில் அதைவிடப் பின்தங்கியது.