ஊர் காணாக் காதை

சுற்றுலா என்ற சொல்லுக்குள் உலா உட்கார்ந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. உலா ஒரு சிற்றிலக்கிய வகை. தலைவன் யானை மீதோ தேர் மீதோ வீதியில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்கள் மாடத்திலும் சாளரத்திலும் வாசலிலும் நின்று அவனைப் பார்ப்பார்கள். பார்த்து மயங்குவார்கள், வளை கழலும், மேகலை நெகிழும். சேரமான் பெருமாளின் திருக்கைலாய ஞான உலாவில் சிவன் வருகிறான். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் மூன்று சோழ மன்னர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். வருகிறவன் மாறுகிறான், நிற்கிறவர்களின் இடம் மாறுவதில்லை. ஊர் சுற்றும் உரிமை ஒருவனுக்கு, நின்ற இடத்திலிருந்து பார்க்கும் உரிமை ஏழு பேருக்கு. பாட்டியல் நூல்கள் பேதைக்கு 5 வயதில் தொடங்கிப் பேரிளம்பெண்ணுக்கு 40இல் கணக்கை முடித்துவிடுகின்றன. அந்தக் கணக்குப்படி எனக்குச் சாளரமும் கிடையாது.

இப்போது மெய்நிகர் உலா வந்திருக்கிறது. வீட்டில் இருந்தபடியே கைப்பேசியிலோ கணினியிலோ ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பது. 360 பாகையில் எடுத்த படத்தை விரலால் தள்ளினால் மண்டபம் திரும்புகிறது. அம்புக்குறியைத் தொட்டால் பத்தடி முன்னே போகிறோம். கொரோனா ஊரடங்கில் இது வீடுதோறும் வந்தது. வெளியே போக முடியாத பெண்களுக்கு இது பெரிய வரம் என்று ஒரு பேச்சு. பெண்களை வீட்டிலேயே வைத்திருக்க இன்னொரு வழி என்று எதிர்ப்பேச்சு. இரண்டையும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன், ஆனால் இரண்டுமே அந்தப் படத்தைத் திறந்து பார்த்தவர்களின் பேச்சாகத் தெரியவில்லை. இலக்கியம் படிப்பவளுக்குத் தெரிந்தது பிரதியைப் படிப்பதுதான். இந்தப் புதிய உலாவையும் அப்படிப் படிக்கலாம். யாருடைய கண் வழியாக ஊர் காட்டப்படுகிறது? பார்ப்பவளின் உடம்பு எங்கே இருக்கிறது? எந்தப் பொழுது காட்டப்படுகிறது, எது விடப்படுகிறது? ஊர் மதுரை. எனக்கு ஓரளவு தெரிந்த ஊர் என்பது ஒரு காரணம். தமிழில் மிக அதிகமாகச் சுற்றிக் காட்டப்பட்ட ஊர் என்பது இன்னொன்று.

முதலில் கண்ணின் உயரம். கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2007இல் அமெரிக்க நகரங்களில் தொடங்கியது. 2011இல் பெங்களூரில் படமெடுக்கக் கிளம்பிய வண்டிகளைக் காவல்துறை நிறுத்தியது. 2022இல்தான் அது இந்தியாவுக்கு முறையாக வந்தது. அப்போது அறிவித்த 10 நகரங்களில் சென்னை உண்டு, மதுரை இல்லை. (வெளியே போக அந்த வண்டியும் 11 ஆண்டுகள் அனுமதிக்குக் காத்திருந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.) அந்த வண்டியின் கேமரா கூரைக்கு மேலே, கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. நடந்து போகிறவளின் கண்மட்டத்துக்கு அது நன்றாக மேலே. சென்னைத் தெரு ஒன்றைத் திறந்து பாருங்கள்: மதில் சுவருக்கு மேலாகப் பார்க்கிறீர்கள், கடைக்காரரின் வழுக்கையைப் பார்க்கிறீர்கள். இந்த உயரத்திலிருந்து வீதியைப் பார்த்தவன் இதுவரை யானை மேல் வந்தவன்தான். ஆக, சாளரத்தில் நின்றவளுக்கு முதல் தடவையாக உலாத்தலைவனின் கண் கிடைத்திருக்கிறது. உடம்பு மட்டும் சாளரத்திலேயே இருக்கிறது. அவளை யாரும் பார்ப்பதில்லை. வளை கழலாது, இடிக்க ஒரு தோள் வராது, பின்னால் வண்டி தொடராது. இந்த நிம்மதி சின்ன விஷயம் இல்லை. பார்க்கப்படாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அறியாமலே எத்தனையோ பெண்கள் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு 74 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதுரைப் பக்கம்தான். மீனாட்சி கோயிலுக்குப் போன தடவைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, முன்னால் வேகமாக நடக்கும் பெரியப்பா, திரும்பினால் பிடிக்க வேண்டிய பேருந்து. சாமியைப் பார்த்தார், கோயிலைப் பார்க்கவில்லை. இப்போது மூட்டுவலியால் வாசல்படி இறங்குவதே பாடு. பேரனின் கைப்பேசியில் கம்பத்தடி மண்டபத்தின் முழுச்சுற்றுப் படத்தை ஒருநாள் திறந்து கொடுத்தேன். விரல் தள்ளத் தள்ள ஊர்த்துவ தாண்டவரும் பத்திரகாளியும் வந்தார்கள். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது. நின்று பார்க்க விடாது. பெரியம்மா நிறுத்திவிட்டார். சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கியதும், நாணத்தால் காளி தூக்க முடியாமல் தோற்றதும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். காளியின் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவளுக்கும் சேலதான்டி தடுத்துச்சு."

முனைவர் பட்டத்துக்காக நான் படித்த நூல்கள் எதிலும் இந்த வரி இல்லை. அவசரப்படுத்த யாரும் இல்லாமல் ஒரு சிற்பத்தின் முன்னால் நிற்கும் நேரத்தை அந்தச் சின்னத் திரை அவருக்குக் கொடுத்தது. படி ஏற முடியாதவர்களுக்கும் நோயாளியை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இது கொடுப்பதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

ஆனால் சிலப்பதிகாரத்தைப் பாடம் நடத்துகிறவளால் இங்கே நிறுத்திக்கொள்ள முடியாது. மதுரைக் காண்டத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரையின் புறஞ்சேரியில் வந்து தங்குகிறார்கள். கண்ணகியைக் கவுந்தியிடம் விட்டுவிட்டுக் கோவலன் நகருக்குள் போகிறான். கணிகையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூலக்கடை வீதி என்று பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான். 14ஆம் காதைக்கு ஊர்காண் காதை என்றே பெயர். பஞ்சம் பிழைக்க வந்தவன் இவ்வளவு நிதானமாக ஊர் பார்க்கிறானே என்று மாணவிகள் ஆண்டுதோறும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. திரும்பி வந்தவன் மதுரையின் சிறப்பைக் கவுந்தியிடம் சொல்கிறான். அதைப் பக்கத்தில் இருந்த கண்ணகி கேட்டாளா, கேட்டால் அவளுக்கும் பார்க்கத் தோன்றியதா என்று இளங்கோ சொல்லவில்லை. காட்டுவழி அத்தனையும் அவனோடு சேர்ந்து நடந்தவள் அவள். சொல்லக் கேட்ட மதுரைதான் அவளுக்குக் கிடைத்த முதல் மெய்நிகர் மதுரை.

கண்ணகிக்கும் ஒரு நகர்வலம் உண்டு. 19ஆவது பகுதி, பெயர் ஊர்சூழ் வரி. அவனுக்குக் காண்பது, அவளுக்குச் சூழ்வது. கணவன் வெட்டுண்ட பிறகு, ஒற்றைச் சிலம்போடு, தலைவிரி கோலமாக அவள் மதுரை வீதிகளில் நடக்கிறாள். வேறு எந்தக் காரணத்துக்காகவும் அந்த வீதிகள் அவளுக்குத் திறந்திருக்கவில்லை. இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா என்று அப்போது கேட்கிறாள். கற்புடைய பெண்டிரைப் பற்றிய கேள்வி என்றே உரைகாரர்கள் அதைப் படித்து வந்திருக்கிறார்கள். நான் கொஞ்சம் வெறுமையாகவே படிக்கிறேன்: ஒரு பெண் முதல்முறையாக இந்த வீதியில் தனியாக நடக்கிறாள், சுற்றிப் பார்க்கிறாள், தன்னைப் போன்றவர்களைத் தேடுகிறாள்.

அதே கேள்வியைத் திரையில் தெரியும் மதுரையிடம் கேட்டுப் பார்த்தேன். பகல் படங்களில் இருக்கிறார்கள்: பூக்கூடையோடு, பிள்ளையோடு, பையோடு, முகம் மங்கலாக்கப்பட்டு. இரவே இல்லை. தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரின் மெய்நிகர் உலாவில் எப்போதும் உச்சிவெயில். நள்ளிரவு இட்லிக்கடை, விடியுமுன் மாட்டுத்தாவணியில் வந்து இறங்கும் மல்லிகை, மூடாத தேநீர்க்கடை எதுவும் இல்லை. மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடிய மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் உண்டு, அல்லங்காடியும் உண்டு. யாமந்தோறும் ஊர் என்ன செய்கிறது என்று அவர் கூடவே விழித்திருந்து சொல்கிறார். செப்புகளில் பண்டங்களையும் மணமுள்ள பூக்களையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் முதுபெண்டிரை அதில் பார்க்கலாம். ஊரின் ஒவ்வொரு வாசலும் தெரிந்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களும் விற்கப் போனவர்கள். வேலை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் பெண்ணுக்குத் தெரு. மும்பையை ஆராய்ந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் 2011இல் கொண்டுவந்த 'வொய் லாய்ட்டர்?' நூல் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது: பொதுவெளியில் இருக்கும் பெண் தன் வருகைக்கு ஒரு நோக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, சும்மா நிற்க அவளால் முடிவதில்லை.

2020ஐயும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஊரடங்கால் சித்திரைத் திருவிழா ரத்தானது. வழக்கமாக மீனாட்சிக்கு முதலில் பட்டாபிஷேகம் நடக்கும். மறுநாள் திக்குவிஜயம், எட்டுத் திசையையும் வெல்லப் புறப்பட்டு மாசி வீதிகளில் வருவாள். அதற்கு அடுத்த நாள்தான் திருக்கல்யாணம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கல்யாணத்தை மட்டும் மே 4ஆம் தேதி பக்தர்கள் இல்லாமல் நடத்தி இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். வீடுகளில் பெண்கள் திரைக்கு முன்னால் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். பெருந்தொற்று நேரம், வேறு வழியில்லை, சரி. ஆனாலும் சுருக்கும்போது எது மிஞ்சியது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. முடிசூடியதும் ஊர் சுற்றியதும் உதிர்ந்தன. மாங்கல்யம் மட்டும் நேரலையில் வந்தது.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். நான் பாடம் நடத்தும் மகளிர் கல்லூரியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். மூன்றாம் ஆண்டு மாணவிகளில் பாதிக்கு மேல் நாயக்கர் மகாலைப் பார்த்ததில்லை. அங்கே மாலையில் நடந்த ஒலி ஒளிக் காட்சியில் சொல்லப்பட்டது சிலப்பதிகாரக் கதை. பாடநூலாகப் படிப்பதை அந்த முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம் என்று ஒருநாள் பயணத்துக்கு விண்ணப்பித்தோம். காட்சி இருட்டிய பிறகுதான். எங்கள் விடுதிக் கதவு ஆறு மணிக்கு. பாதுகாப்பு, பெற்றோர் சம்மதம், பொறுப்பு யாருடையது என்று கோப்பு மேசை மேசையாக ஒரு மாதம் நடந்தது. எங்களைவிட அது அதிகம் ஊர் சுற்றியது. கடைசியில் குறிப்பு வந்தது: ஸ்மார்ட் வகுப்பறையில் மெய்நிகர் உலாவாக நடத்திக்கொள்ளலாம். அதே நிர்வாகத்தின் ஆண்கள் கல்லூரி அந்தப் பருவத்தில் மூன்று நாள் பயணம் போய்வந்தது.

நடத்தினோம். 46 பேர் திரையைப் பார்த்தார்கள், சுட்டி என் கையில் இருந்தது. நான் கோவலனாகிவிட்டேன், அவர்கள் சொல்லக் கேட்கும் கண்ணகிகளாகிவிட்டார்கள். நான் கல்தூணைக் காட்டினால் அவர்கள் "மிஸ், அந்தப் பக்கம் திருப்புங்க" என்றார்கள். அந்தப் பக்கம் இருந்தது வளையல் கடை. பத்தடிக்கு மேல் படம் போகவில்லை. முகம் மங்கலான ஒரு பெண்ணைக் காட்டி "நாம போயிருந்தா நம்ம முகத்தையும் இப்படி அழிச்சிருப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பு சிரித்தது. மணி அடித்ததும் திரையை அணைத்தேன். மதுரை போய்வந்ததாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள், ஆவணத்துக்காக.

பெரியம்மாவின் திரையும் இந்தத் திரையும் ஒன்றல்ல. அவர் ஐம்பது ஆண்டுகள் போய்வந்த இடத்துக்கு இன்னொரு வழியில் போனார். இந்த மாணவிகளிடமிருந்து போகும் வழி வாங்கப்பட்டு, கைக்குத் திரை கொடுக்கப்பட்டது. தொழில்நுட்பம் அதேதான். யார் கையில் இருந்து, எதற்குப் பதிலாக வருகிறது என்பதைக் கேட்காமல் அதை வரம் என்றோ சூழ்ச்சி என்றோ சொல்வது வீண்வேலை.

இந்தப் பருவத்தில் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறோம். படிவத்தை வகுப்புப் பிரதிநிதி நிரப்பினாள். 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'ஊர் காண' என்று எழுதியிருந்தாள். அலுவலகத்திலிருந்து சிவப்பு மையில் அடிக்கோடிட்டுத் திரும்பி வந்தது. "கல்விச் சுற்றுலான்னு மாத்திரட்டுமா மிஸ்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பக்கத்தில் 'சிலப்பதிகாரம், காதை 14' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.