கலங்கலும் பாவனையும்

சென்ற குளிர்காலத்தில் பிரஸ்ஸெல்ஸ் நகரத்து மதுச்சாலை ஒன்றில் நான் பொய் சொன்னேன். ஓக் பீப்பாயில் ஊறிய கலங்கல் பீர் ஒன்றைக் குடித்துவிட்டு மாம்பழம், வெனிலா, தேங்காய், ஈர மரம் என்று அடுக்கினேன். உடனிருந்த நண்பர் டின்னைத் திருப்பிக் காட்டினார். நான் சொன்ன நான்கும் அதே வரிசையில் அதன்மேல் அச்சாகியிருந்தன. "கண்ணை மூடிக்கொண்டு குடித்திருந்தால் இதில் எது மிஞ்சியிருக்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

முன்னுரையைப் படித்துவிட்டுக் கவிதையைச் சிலாகிக்கும் வாசகனை நாம் வேண்டிய மட்டும் பரிகாசம் செய்திருக்கிறோம். நாக்கு விஷயத்தில் நானும் அவனேதான் என்பது சங்கடமான ஞானம்.

கலங்கல் பீருக்கு ஒரு பூர்வகதை உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து வாட்டர்பரியில் 2003ல் தொடங்கிய அல்கெமிஸ்ட் என்ற சிறு மதுச்சாலை 'ஹெடி டாப்பர்' என்ற பீரைத் தயாரித்தது. ஹாப் பூக்களின் வாசனையை முழுசாகத் தருவதுதான் நோக்கம். நொதித்த பீரில் மேலும் பூவைக் கொட்டி ஊறவைத்தார்கள். வடிகட்டினால் வாசனையும் போய்விடும் என்று வடிகட்டாமல் விட்டார்கள். தானியத்தின் புரதமும் பூவின் துவர்ப்புச் சத்தும் பிணைந்ததில் பீர் கலங்கி நின்றது. கலங்கல் விளைவு, நோக்கம் அல்ல. தம்ளரில் ஊற்றாமல் டின்னிலிருந்தே குடிக்கும்படி அந்த டின்னிலேயே அச்சிட்டிருந்தார்கள். வாசனை தப்பக்கூடாது என்பது காரணம். கலங்கலைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் அதற்கு அர்த்தம் கொள்ளலாம்.

பின்வந்தவர்கள் தம்ளரில் ஊற்றித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். 2018ல் அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கத்தின் வகைப் பட்டியலில் கலங்கல் ஐ.பி.ஏ.வுக்குத் தனி இடம் கிடைத்தது. வகைப்பெயர் வந்தவுடன் வாசனையை விட்டுவிட்டுக் கலங்கலைத் தயாரிப்பது சாத்தியமாகிவிடுகிறது. கலங்கல் போதவில்லை என்று கோதுமை மாவு கலந்தவர்களும் உண்டு. அனுபவத்தின் சிக்கலால் இருண்ட கவிதைக்கும், எழுதி முடித்தபின் இருட்டு பூசிய கவிதைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல.

இதன்மேல் ஓக். ஹாப் வாசனையின் ஆயுள் வாரக்கணக்கு. மரத்துக்கு வேண்டியது மாதங்கள், வருஷங்கள். இந்த முரணைச் சந்திக்காமல் இரண்டு பெயர்களையும் ஒரே டின்னில் எழுதிவிட்டால் ஆழம் வந்துவிடும் என்பது நம்பிக்கை. இன்னொரு டின் வாங்கிக் கண்ணை மூடிக் குடித்தேன். ஓட்ஸ் தரும் வழவழப்பு நிஜம். மரத்தின் லிக்னின் சிதைந்து வரும் வெனிலா வாசனையும் நிஜம். மாம்பழம் இல்லை, அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் நனைந்த அட்டையின் மணம். நாக்கின் ஓரங்களை ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. டின்னில் அதற்குச் சொல் இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் அதே நகரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900ல் தொடங்கிய காந்தியோன் ஆலைக்குப் போனேன். 1978லிருந்து அது மியூசியமும்கூட. கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றி ஓர் இரவு திறந்தே ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை, காற்றோடு வருவதுதான். ஆகவே குளிர்மாதங்களில் மட்டுமே வேலை. பிறகு பழைய பீப்பாய்கள். புதுமரத்தின் வாசனை அவர்களுக்கு வேண்டாம். மரம் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறது, நுண்ணுயிர்களுக்கு வீடாக இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று வருஷத்து லாம்பிக்கைக் கலந்து சீசாவில் மறுபடி நொதிக்கவிட்டால் கூஸ். அடியில் வண்டல் நிற்கும். சீசாவின் கடைசித் தம்ளர் எனக்கு வந்தது, கலங்கலாக.

முதல் வாய் பிடிக்கவில்லை. புளிப்பு, குதிரை லாயத்து மணம். மூன்றாவது வாயில் எலுமிச்சைத் தோல். அதற்குப் பின் கொட்டைப்பாக்கு மென்றாற்போல் நெடுநேரம் நிற்கும் ஒன்று. துவர்ப்பு! முந்தின இரவு நான் பெயரிடாமல் விட்டதும் இதுதான். ஆங்கிலத்தில் இதை ருசியில் சேர்க்கமாட்டார்கள். வாயின் ஓர் உணர்ச்சி என்பார்கள். நமக்கு அறுசுவையில் ஒன்று. எனக்குச் சொந்தமான ஒரே சொல்லை விட்டுவிட்டு இரவல் சொற்களை ஒப்பித்திருக்கிறேன். தேறல் என்ற பழஞ்சொல்லும் அப்போது நினைவில் வந்தது. அது தெளிந்த மதுவைக் குறிக்கும். நெடுமூங்கிலில் இட்டு முற்றவைத்த தேறல் திருமுருகாற்றுப்படையில் வருகிறது. தெளிவைக் காலத்தின் பலனாகக் கண்ட சொல் அது. காலம் தன் வேலையைச் செய்த பிறகும் தெளியாமல் நிற்கும் வண்டலுக்குத்தான் கலங்கல் என்ற பெயர் மரியாதையோடு பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காந்தியோனைக் கோயிலாக்க இதைச் சொல்லவில்லை. அங்கே சிலந்திவலைகளைக் கலைப்பதில்லை. பூச்சிகளைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன. அது தொழிலின் தேவை. வந்தவர்களோ பீப்பாயைவிட ஒட்டடையைத்தான் அதிகம் படமெடுத்தார்கள். நானும் எடுத்தேன். நாளை ஒட்டடைக்கும் ஒரு வகைப்பெயர் வரலாம்.

நண்பரின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். கலங்கல், கண்ணை மூடியதுமே போய்விட்டது. தேங்காயும் ஈர மரமும் நான் படித்தவை; மாம்பழம் நான் ஆசைப்பட்டது. சொன்ன நான்கில் தேறியது வெனிலா ஒன்றுதான். உண்மையில் என் வாயில் இருந்த வழவழப்பையும் அட்டை மணத்தையும் துவர்ப்பையும் நான் சொல்லவே இல்லை.