பல் படாத உறை

வீரன் இடுப்பில் தொங்கியதும் வாள், தச்சர் தோளில் தொங்குவதும் வாள். தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் வைத்தது. உறை மட்டும் முதல் வாளோடு நின்றுவிட்டது; அறுக்கிற வாளுக்குச் சாக்குத் துணிதான். இந்த வாளுக்கும் அழகான உறை உண்டு என்பதை ஒரு தென்னந்தோப்பில்தான் கண்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்து கிடந்த தென்னைகளை அப்புறப்படுத்த ஊர் ஊராகச் செயின் சா ஓடியது. மிஷினோடு வருகிற பிளாஸ்டிக் உறை சீக்கிரம் உடைந்துவிடும், இல்லையென்றால் தொலைந்துவிடும். மிஷினை பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு தோப்பு தோப்பாகப் போகிறவருக்கு உறையில்லாத செயின் தொடையைப் பதம் பார்க்கும் சாமான். ஆகவே அவரவர் கையில் கிடைத்ததைக் கொண்டு உறை செய்துகொண்டார்கள்.

அதிகம் கண்ணில் பட்டது பி.வி.சி. பைப். 75 மி.மீ. பைப்பை அளவாக வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் முக்கி, இளகியதும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்கினால் தட்டையாகிவிடும். அவசரக்காரர்கள் தீயில் காட்டுவார்கள்; கருகி, மூச்சை அடைக்கிற புகை வரும். வேலைக்கு ஆகும் உறைதான். ஆனால் உள்ளே செயின் லடலடவென்று ஆடும். பல்லின் கூர் பைப்பில் உரசிக்கொண்டேயிருக்கும்.

என் மனதைப் பறித்தது ஒரு மரவெட்டி அண்ணன் செய்திருந்த பலகை உறை. இரண்டு மெல்லிய பலகை, ஓரத்தில் இடைவெளிக்கு ரீப்பர் துண்டு. வெளிப்பார்வைக்கு அவ்வளவுதான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோதுதான் புத்தி தெரிந்தது. செயின் ஓடுகிற இரும்புப் பட்டையைவிடப் பல் இருபுறமும் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும் அல்லவா? உறையின் நடுவில் மட்டும், நீளவாக்கில், லாரி ட்யூப் ரப்பரை இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தார். ரப்பர் பட்டையைப் பிடித்துக்கொள்கிறது. பல் எதன்மீதும் படாமல் வெற்றிடத்தில் நிற்கிறது.

“பல்லு எதையும் தொடப்புடாது தம்பி. தென்னையே அத மழுக்கிடுது. வீட்லயாவது நிம்மதியா இருக்கட்டும்” என்றார்.

மரத்தையும் யோசித்தே எடுத்திருக்கிறார். பாக்கிங் பெட்டியில் வருகிற பைன் பலகை. எடை இல்லை, கசிகிற எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். கருவேலத்தை வேண்டாமென்று ஒதுக்கியிருந்தார். தோல் பதனிட அதன் பட்டையைப் போடுவார்கள். அந்தத் துவர்ப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு கறுத்துப்போகும். உறையின் நுனியை மூடாமல் விட்டதும் ஈரத்துக்காகத்தான். நனைந்த மரத்தூள் அடைந்து கிடந்தால் துரு ஏறிவிடும். அமெரிக்கக் காடுகளில் நீளக் கைவாள்களுக்குப் பழைய தீயணைப்புக் குழாயைப் பிளந்து உறை போடுகிறவர்களும், வாளைப் பத்திரப்படுத்தும்போது இதே பயத்தில் அதைக் கழற்றிவிடுகிறார்கள்.

மிஷின் முழுவதும் அடங்குகிற பெட்டி ஒன்றும் வைத்திருந்தார், 12 மி.மீ. பிளைவுட்டில். கைப்பிடி மேலே வந்துவிடும்; மிஷினைத் தூக்கினால் பெட்டியும் கூடவே எழும்பும். அடியில் தகரத் தட்டு, அதில் காட்டன் வேஸ்ட். செயின் சா ஓய்ந்தபிறகும் எண்ணெய் சொட்டும்; அதைக் குறையென்று திட்டாமல் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். பக்கவாட்டில் 4.8 மி.மீ. உருட்டு அரத்துக்கு ஒரு குழி, ஸ்பேனருக்கு ஒரு குழி. மூடியின் உள்பக்கம் பெயின்டில் ‘லிட்டருக்கு 20 மில்லி’ என்று எழுதியிருந்தது. பெட்ரோலில் கலக்கவேண்டிய ஆயிலின் அளவு. வேறு யாராவது மிஷினை எடுத்தாலும் தவறு நேரக்கூடாதாம். பெட்டியின் மூலைகளில் கூட்டு அவ்வளவு நேர்த்தியாக இல்லை, ஆணித்தலை தெரிந்தது. எனக்கு அது பொருட்டாகப் படவில்லை.

பொழுது சாய்ந்ததும் பழைய பிரஷ்ஷால் செயினைத் துடைத்து உறையைச் செருகினார். ரப்பர் பிடிக்கிற இடத்தில் லேசாக ஒரு உரசல். பிறகு மிஷினைத் தூக்கி நுனி தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, இரண்டு உலுக்கு உலுக்கினார். உறை அசையவில்லை.