உப்புக் காற்றில் ஒரு சவரக்கத்தி: 61 நாள் சோதனை

ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. சென்னை காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசைகட்டி ஒதுங்கின. கொஞ்ச நாளில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிட்டது. படகின் இரும்பில் ஏறிய துருவைத் தட்டி உதிர்க்கிற சத்தம். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் ஒரு மடக்குச் சவரக்கத்தியோடு மல்லுக்கட்டினேன். படகுக்காரர்களுக்கும் எனக்கும் எதிரி ஒன்றுதான் என்பது போகப்போகத்தான் விளங்கியது.

கையில் வந்த கத்தி

எங்கள் தெருவில் சலூன் நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் கொடுத்தது. அவருடைய அப்பாவின் அடைப்பத்தில், அதாவது சவரப் பெட்டியில், இருந்ததாம். கார்பன் எஃகு, கொம்புப் பிடி, வால்பகுதியில் 'சோலிங்கன்' என்ற முத்திரை. கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர் அது. வேறு ஊரில் செய்த கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938லேயே சட்டம் போட்டுப் பாதுகாத்துவிட்டார்கள்.

சவரக்கத்தியின் அகலத்தை எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்வார்கள். இது 5/8, புதிதாகப் பழகுகிறவருக்கு இதுவோ 6/8ஓ பொருத்தம். இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குடைந்திருப்பதால் வாய் மெல்லிசாகவும் முதுகு தடிப்பாகவும் இருக்கும். அந்த முதுகில்தான் சூட்சுமம். கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரப் படிந்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும்.

புதிதாக வாங்குவதானால் சோலிங்கன் கத்திக்கு ஐந்திலக்க ரூபாய் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைக்கும் சீனக் கத்திகள் பெரும்பாலும் சவரப் பதத்துக்குத் தீட்டப்படாமலே வரும். கல் பிடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் அவற்றைத் தொடலாம்.

சலூனில் பார்ப்பது வேறு

இன்று சலூனில் இருப்பது பாதி பிளேடு மாட்டுகிற கத்தி. காரணம் தொற்றுப் பயம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா செய்த ஆய்வு அது. அதற்குப் பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்கள் 'புது பிளேடு போடச் சொல்லுங்கள்' என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தன. பல முகம் பார்த்த ஒரே கத்தி சலூனை விட்டுப் போனது நியாயம்தான். ஆகவே முதல் விதி: இந்தக் கத்தி ஒரு முகத்துக்கு மட்டும். அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். பழைய கத்தி கிடைத்தால் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, புதிதாகத் தீட்டிய பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

முகத்தில்

முதல் வாரம் கன்னங்களோடு நிறுத்திக்கொண்டேன். மீசையடி, மோவாய், கழுத்தெல்லாம் வழக்கமான ரேசரில். பெரியவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "கத்தியோட எடை போதும்பா, நீ அமுக்காத" என்பதே அவர் அடிக்கடி சொன்னது.

குளித்து முடித்த கையோடு உட்கார்ந்தால் முடி தண்ணீரில் ஊறி இளகியிருக்கும். பிரஷ்ஷால் நுரையைக் குழைத்துப் பூசி, மறுகையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து, முடி வளரும் போக்கிலேயே சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். சாய்வு கூடினால் வாய் தோலைச் சுரண்டும். குறைந்தால் முடியைப் பிடுங்கும். எல்லாவற்றையும்விட ஆபத்து, வாயின் நீளவாக்கில் கத்தி நகர்வது. வெங்காயம் நறுக்குகிற அதே அசைவு, தோல் பிளந்துவிடும். மூன்றாம் நாள் மோவாய்க்குப் பக்கத்தில் அப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். படிகாரக் கல் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

முதல் நாள் பிடித்த நேரம் 40 நிமிடம். ஐந்தாவது வாரத்தில் முழு முகமும் 20 நிமிடத்துக்குள் வந்தது. பலன்? கனமான கத்தி, உள்குடைந்த வாய், ஒற்றை முனை. இவை சேர்ந்ததில், கழுத்தில் எனக்கு எப்போதும் வரும் சிவந்த பொரிகள் நின்றுபோயின. சலூன் கத்தியையும் நானே பிடித்துப் பார்த்தேன். அதன் பிளேடு கூர்மையில் குறைந்ததில்லை, ஆனால் இலேசு. கை சற்றுத் தவறினாலும் பதம்பார்த்துவிடுகிறது.

பராமரிப்பு

ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல்வாரில் தீட்ட வேண்டும். துணிப்பட்டையில் 30 தடவை, தோலில் 50 தடவை. வாரில் முதுகு முன்னே போகும், வாய் பின்னே வரும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். வாய்ப்பக்கமாகப் புரட்டினால் கத்தியும் மழுங்கும், வாரும் அறுபடும். என் வாரில் இரண்டு வெட்டு இருக்கிறது. இதே வேலையை உள்ளங்கையிலேயே செய்துமுடித்த நாவிதர்கள் நம் ஊரில் இருந்தார்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை கல். இங்கே வாய் முன்னே, முதுகு பின்னே. பதம் கெட்டிருந்தால் 1000 கிரிட்டில் தொடங்கி 4000, 8000, கடைசியாக 12000. பதம் லேசாகக் குறைந்திருந்தால் 8000இலிருந்தே போதும். தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அருவாமனைக்கு அவர் கை சரி. சவரக்கத்தியின் மெல்லிய வாய் அந்த வேகச் சூட்டில் பதமிழந்துவிடும்.

முடி மென்மையானதுதானே, எஃகை எப்படி மழுக்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்ஸ்' இதழில் விடை சொன்னார்கள். முடி எஃகைவிட 50 மடங்கு மென்மை. ஆனாலும் குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து அழுத்தும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் வாயிலிருந்து துளி துளியாகச் சில்லு தெறிக்கிறது.

காசிமேட்டுச் சோதனை

எங்கள் ஊரில் முடியைவிடப் பெரிய வில்லன் காற்று. ஒருநாள் கத்தியைக் கழுவி, மேலோட்டமாகத் துடைத்து, ஜன்னலோரம் வைத்துவிட்டேன். காலையில் வாயை ஒட்டிக் குங்குமச் சிதறல்போலப் பழுப்புப் புள்ளிகள். கடற்காற்றில் வரும் உப்புத் துகள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் போதும், அதிலுள்ள குளோரைடு துருவை விரட்டி வளர்க்கும். படகின் தகட்டில் இத்தனை துரு ஏறினால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். சவரக்கத்தியின் வாய்முனைத் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அங்கே புள்ளித் துரு என்றால் பள்ளம். மறுபடி 4000 கல்லுக்குப் போய், இரண்டு மணி நேரம் போனது.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. பிடிக்குள் தண்ணீர் போகாமல் அலகை மட்டும் கழுவுவது, பருத்தித் துணியால் ஒற்றுவது, உலர்ந்த வாரில் பத்து இழுப்பு, பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. குளியலறையில் வைப்பதில்லை, மூடிபோட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலமாரியில். அடுத்த ஒரு மாதம் ஒரு புள்ளிகூட வரவில்லை.

தீர்ப்பு

சவரத்தின் தரத்துக்கு 10க்கு 9. பராமரிப்பு வசதிக்கு 3. காலை ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவர்களும், குழந்தைகள் ஓடி விளையாடும் ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்களும் வாங்க வேண்டாம். இரட்டை முனை பிளேடு போடும் பழைய பாணி சேஃப்டி ரேசரே அவர்களுக்குப் போதும். அதில் கழிக்கும் பிளேடை மட்டும் டப்பாவில் சேர்த்துவையுங்கள், குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். ஆசை விடவில்லையென்றால், எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலைப் பார்த்து வாழ்கிறவர்கள் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். தீட்ட நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் உப்புக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு விளம்பரங்களில் இது கனவான்களின் கலை. அதே கலையைக் கரைத்துக் குடித்த நாவிதர்களை நாம் திண்ணைக்குக் கீழே உட்காரவைத்தோம். கத்தி வாங்கும் முன், உங்கள் தெருவில் ஓய்ந்திருக்கும் சலூன்காரர் யாரையாவது போய்ப் பாருங்கள். வணக்கம் சொல்லி, கற்றுக்கொடுப்பதற்கான கூலியையும் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.